விரலில் ஒட்டிய வெல்லப்பாகு: ஒரு சர்க்கரைப் பரிசோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் செட்டிநாட்டுப் பலகாரப் பட்டறைகளில் அடுப்பு அணைவதே இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஆர்டர் போகும். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு ஆகியவற்றைப் பழகிய யாரும் பிழிந்தோ சுற்றியோ சுட்டுவிடலாம். அதிரசத்துக்கு மட்டும் தனி ஆள் வேண்டும். பாகு பதம் தவறினால் இடித்த மாவு முழுக்க வீண். கொதிக்கும் பாகைக் கரண்டியில் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தக்காளிப் பழம் போல உருண்டு வந்தால் இறக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த விரல்கள் பாகுக்குள் போகும் என்று யாரும் எண்ணுவதில்லை.

இந்த ஆய்வில் வருபவர் அந்தப் பாகு வேலை பார்க்கிற 46 வயதுப் பெண். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர். கணவருக்குத் திருப்பூரில் வேலை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார், 54 வயது; ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

நான் பணிபுரிவது அந்தப் பகுதியின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இவருடைய வீட்டுக்கு நேரே பதிவேட்டில் திரும்பத் திரும்ப இருந்தது ‘ஆள் இல்லை’ என்ற குறிப்புதான். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவரைப் பகல் பதினோரு மணிக்குத் தேடினால் வேறு என்ன எழுத முடியும்?

முகாம் நாள்

ஐப்பசி மாதத் தொடக்கத்தில் ஒரு தனியார் அமைப்பு பட்டறைக்கே வந்து இலவச முகாம் நடத்தியது. பட்டறையை நடத்தும் ஆச்சி, வேலை கெடாமல் ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இவர் பாகுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, முதல் சொட்டை மீட்டரில் வைத்தார்கள். 318 என்று காட்டியது.

தாகம் உண்டா, இரவில் அடிக்கடி சிறுநீர் போகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டதாக அவருக்கு நினைவில்லை. நாங்கள் பிறகு கேட்டபோது எதுவுமே இல்லை என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அன்று பட்டறைக்கு வரவில்லை. கையில் கொடுத்த சீட்டில் ‘சர்க்கரை 318, மருத்துவரைப் பார்க்கவும்’ என்று மட்டும் இருந்தது. வாயால் சொன்னது வேறு: “உங்களுக்குச் சுகர் இருக்கும்மா, முந்நூறைத் தாண்டிருச்சு.”

தீபாவளி முடியட்டும், பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அவர் நினைத்தார். அந்த ஒரு மாதக் கூலிதான் வருடத்திலேயே பெரியது. அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று அக்கா தன் மாத்திரைப் பட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். “எனக்கு எழுதினதுதானே, அதே சுகர்தானே” என்பது அக்காவின் நியாயம். காலை ஒன்று, இரவு ஒன்று. கூடவே சோற்றை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் ஊறவைத்த வெந்தயமும்.

அந்த மாத்திரை, கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மருந்து. மெட்ஃபார்மின் தனியாக இருந்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிடாமல் அதைப் போட்டுக்கொள்வது சர்க்கரை நோயாளிக்கே ஆகாது.

மயங்கி வந்த காலை

ஒரு வாரத்துக்குப் பிறகு, காலை ஏழரை மணிக்கு, எண்ணெய்ச் சட்டியருகே அவர் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற பெண் பிடித்து இழுத்ததால் வலது முன்கையில் தெறித்த எண்ணெயோடு போயிற்று. ஆட்டோவில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண் திறந்தார், பேச்சு குழறியது.

வந்த பெண்கள் எல்லோரும் “சுகர் ஏறிருச்சு” என்றே சொன்னார்கள். வியர்வையும் குழறலும் அதற்கு எதிர்ப்பக்கம் காட்டின. செவிலியர் அவருடைய விரலை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திக் குத்தினார்: 46. விழுங்கும் நிலை உறுதியாக இல்லாததால் வாயில் எதுவும் ஊற்றவில்லை. நரம்பு வழியாக 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினோம். கால் மணி நேரத்தில் 132. எழுந்து உட்கார்ந்து, அடுப்பில் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பலாமா என்பது அன்றைய முதல் முடிவு. ஆச்சியே ஆள் அனுப்பிக் கேட்டார், அவரும் போகத் துடித்தார். நான் விடவில்லை. கிளிமிபிரைடு உடலில் இருக்கும் வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம். ஒரு முறை ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் அதற்குள் செலவாகிவிடும். சோறு சாப்பிட வைத்து, ஒரு நாள் முழுதும் படுக்கையில் வைத்து மணிக்கணக்கில் பார்த்தோம். மாலையில் 64-க்கு இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பார்கள்.

அன்று ரத்த அழுத்தம் 164/100. மயக்கத்தின் பதற்றத்தில் ஏறியிருக்கலாம் என்று குறித்துவைத்தோம். ஹீமோகுளோபின் 10.1, ரத்தசோகை. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3, சற்று அதிகம். பட்டறைக்காரர்கள் கொண்டுவந்த கைப்பையில் இன்னொரு பட்டை இருந்தது: டைக்ளோஃபெனாக். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, மூட்டு வலிக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாகத் தினமும் போட்டிருக்கிறார். மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்றவர்தான். வலி மாத்திரையை எங்கள் பக்கத்தில் பலரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னால்தான் அது வெளியே வரும்.

318 எங்கிருந்து வந்தது

அக்காவின் மாத்திரை மயக்கத்தை விளக்கியது. ஆனால் 318-ஐ விளக்கவில்லை. புதிதாக வந்த சர்க்கரை நோய், கூடவே தவறான அளவில் மருந்து என்று எழுதி முடித்திருக்கலாம். அந்த வழி எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் எச்.பி.ஏ1சி அளவு. அது 5.5. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்த அளவு, 318 தொடும் ஒருவருக்கு இவ்வளவு குறைவாக இருப்பது பொருந்தாது. ரத்தசோகை அதைக் கெடுத்திருக்குமா என்று யோசித்தோம். இரும்புச்சத்துக் குறைபாடு அந்த அளவை உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும், குறைத்தல்ல. அப்படியானால் உண்மை 5.5-க்கும் கீழே.

மீட்டர் பிழை என்று சொல்லவும் முடியாது. இத்தகைய மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரநிலை, 100-க்கு மேலான அளவுகளில் 15 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. நூறு, நூற்றுப் பதினைந்து ஆகலாம். முந்நூற்றுப் பதினெட்டு ஆகாது.

“எந்தக் கையில குத்துனாங்க? அப்ப என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டவர் எங்கள் செவிலியர். அவர் பிறந்து வளர்ந்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ப் பக்கம். பாகு பார்க்கும் கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கரும்பு வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ். மீட்டரின் பட்டையில் உள்ள நொதி அதைப் படிக்காது, குளுக்கோஸை மட்டுமே படிக்கும். ஆனால் வெல்லத்தில் இயல்பாகவே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஓரளவு உண்டு. மீட்டர் எடுத்துக்கொள்ளும் ரத்தமோ ஒரு சொட்டிலும் சிறு பங்கு. அதில் சாதாரணமாக இருக்க வேண்டிய குளுக்கோஸ் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், தோலில் கண்ணுக்குத் தெரியாத பாகுப் படலம் இருந்தாலே எண் மும்மடங்காகலாம். ஸ்பிரிட் பஞ்சு கிருமிக்கு உதவும். பிசுபிசுப்பைக் கரைத்து எடுக்க அதைவிடச் சோப்பும் தண்ணீரும் நல்லவை. பழம் உரித்த கையிலும் இதே கோளாறு வரும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்ததே. பலகாரப் பட்டறையோடு அதைச் சேர்த்து யோசிக்க ஆள் வேண்டியிருந்தது.

உறுதி செய்யும் பரிசோதனையை உடனே செய்யவில்லை. ஒரு வாரம் சோற்றைத் தொடாதவருக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துப் பார்த்தால் நோயில்லாவிட்டாலும் அளவு ஏறிக் காட்டலாம். மாத்திரையை நிறுத்தி, வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பிடச் சொல்லி, பத்து நாள் கழித்து வரவழைத்தோம். விரலில் குத்தாமல் கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில், வெறும் வயிற்றில் 92. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் 121. இருவேறு நேரமும் இயல்பு. சர்க்கரை நோய் இல்லை.

இல்லாத நோயை எடுத்துச் சொல்வது

நோய் இருக்கிறது என்று சொல்ல முகாமுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. இல்லை என்று சொல்ல எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதலில் அவர் சந்தோஷப்பட்டார். அடுத்த நொடியே, “அப்ப பாகக்காய்ச் சாறு வேலை செஞ்சிருச்சு டாக்டரம்மா” என்றார். இருந்தது போய்விட்டது என்பது அவர் புரிந்துகொண்ட விதம். வரவே இல்லை என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியும்? முந்நூற்றுப் பதினெட்டை மீட்டரில் அவரே கண்ணால் பார்த்திருக்கிறார், சீட்டும் கையில் இருக்கிறது. மயங்கியும் விழுந்திருக்கிறார். நோயில்லாமலா இத்தனையும்?

இதில் யாருக்கும் கேடில்லை என்றால் நாங்கள் விட்டிருப்போம். கேடு அடுத்த வீட்டில் இருந்தது. தங்கைக்கு ஒரே வாரத்தில் சாறு குடித்து முந்நூறு இறங்கிவிட்டது என்று கேட்ட அக்கா, தன் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்க்கு மாறியிருந்தார். பட்டறையிலும் இந்தச் செய்தி பரவிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை இருவரையும் சேர்த்து வரச் சொன்னோம். பேச்சுக்குப் பதில் கண்ணெதிரே செய்து காட்டுவது என்று முடிவு செய்தோம். யோசனை செவிலியருடையது, சம்மதம் சகோதரிகளுடையது. வீட்டிலிருந்து ஒரு கட்டி அதிரச வெல்லம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். தங்கைக்கு 104, அக்காவுக்கு 287. பிறகு தங்கை வெல்லத்தை நனைத்து விரலில் தேய்த்து, முந்தானையில் துடைத்தார், ஸ்பிரிட்டாலும் துடைத்தோம். அதே மீட்டர், அதே ஆள், ஐந்து நிமிட இடைவெளி: 342.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான் முதலில் சொன்னார்: “எனக்குக் கையில வெல்லம் இல்லையே.” அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மாத்திரை கொடுத்ததற்காக அக்காவைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். தங்கை விழுந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். உங்கள் மாத்திரை உங்கள் உடம்பின் அளவுக்கு எழுதியது, உங்கள் கண்ணாடியை அவர் போட்டுக்கொள்ள முடியாதது போல, என்று மட்டும் சொன்னேன். அக்காவின் பாதத்தை அன்றே நைலான் இழையால் தொட்டுப் பார்த்ததில் இரு பெருவிரல்களிலும் உணர்ச்சி குறைந்திருந்தது. செருப்பில்லாமல் முற்றத்தில் நடக்க வேண்டாம் என்று சொல்லி, விழித்திரைப் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்தோம்.

தவறவிட்டிருக்கக்கூடிய நோய்

தங்கையிடம் உண்மையில் இருந்தது வேறு. ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்க வைத்து, இரண்டு தனித்தனி வருகைகளில் பார்த்தோம்: 158/98, 156/98. மயக்கத்தின் பதற்றம் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத இந்த அழுத்தத்தை முகாமும் பார்க்கவில்லை, பகலில் போன எங்கள் தன்னார்வலரும் பார்க்க முடியவில்லை.

உடனே அழுத்த மாத்திரை தொடங்குவதா, வலி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்ப்பதா என்பது இரண்டாவது முடிவு. டைக்ளோஃபெனாக் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கிரியேட்டினின் 1.3 இருந்ததும் அந்தப் பக்கமே கை காட்டியது. அழுத்தம் அவசரமான அளவில் இல்லாததால் மூன்று வாரம் காத்திருக்கலாம் என்று தீர்மானித்தேன். உடனே தொடங்கியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அதிலும் தவறில்லை. சர்க்கரை என்று ஒரு முறை தவறாகச் சொல்லப்பட்டவரிடம், மறுநாளே ‘அது இல்லை, ஆனால் இது இருக்கிறது, ஆயுசுக்கும் மாத்திரை’ என்று தொடங்க எனக்கு மனமில்லை.

வலி மாத்திரையை நிறுத்து என்று சொல்வது எளிது. பன்னிரண்டு மணி நேரம் அடுப்பருகே நிற்கும் முழங்காலுக்கு மாற்று என்ன? வலி கடுமையான நாளில் பாராசிட்டமால், அதுவும் அளவு சொல்லி. திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தொடைத் தசைப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். ஆச்சியிடம் நான் நேரில் பேசினேன். பாகு கிண்டுபவர் உட்கார்ந்தே வேலை பார்க்க ஓர் உயர முக்காலி செய்து போட்டார். அது வந்த பிறகு மற்ற பெண்களும் மாறி மாறி உட்காரத் தொடங்கினார்கள். உப்பைப் பற்றிப் பேசும்போது, மோர் மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம், நாளுக்கு ஒன்று என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். முழுதாக விடச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

மூன்று வாரத்தில் கிரியேட்டினின் 0.9-க்கு வந்தது. அழுத்தம் 146/92. குறைந்தது, ஆனால் போதவில்லை. அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கினோம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும், அதோடு டீ குடிக்காமல் இருக்கும்படி ஆலோசனையும். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகளையும் அப்போதே செய்தோம், இரண்டிலும் கவலைக்குரியது எதுவும் இல்லை.

பட்டறையில் மறுபரிசோதனை

முகாம் நாளில் அதே பட்டறையில் 200-க்கு மேல் காட்டிய இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம், மாலையில், சோப்பும் வாளித் தண்ணீரும் துண்டுமாக நாங்களே போனோம். பிறகு அவர்கள் வெறும் வயிற்றில் வந்து நரம்பு ரத்தமும் கொடுத்தார்கள். நான்கு பேருக்கு இயல்பு. நால்வருமே வெல்ல வேலை, பொரிவிளங்காய் உருண்டை பிடிப்பவர்கள் உட்பட. ஐந்தாமவர் முறுக்குச் சுற்றுபவர். அவருக்கு வெறும் வயிற்றில் 178, எச்.பி.ஏ1சி 8.4. உண்மையான சர்க்கரை நோய். ‘அன்னைக்கு மெஷினே தப்பு’ என்ற பேச்சு பட்டறையில் பரவியதும் அவர் தன் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தார். தங்கையுடையதோடு சேர்த்துத் தவறான ஐந்தைத் திருத்தப்போன செய்தி, சரியான ஒன்றையும் அடித்துக்கொண்டு போகப் பார்த்தது.

முகாம் நடத்திய அமைப்பிடம் விவரங்களை எழுத்தில் கொடுத்தோம். அவர்கள் மறுக்கவில்லை. அடுத்த முகாமுக்கு எங்கள் செவிலியரையே அழைத்தார்கள்.

பிறகு நடந்தவை

ஆறு மாதம் கழித்துத் தங்கையின் அழுத்தம் 132/84. மாத்திரை வீட்டுக்கே போகிறது, தன்னார்வலர் இப்போது ஞாயிறு மாலையில் போகிறார். பங்குனியில் ஒரு கல்யாண ஆர்டர் நேரத்தில் நான்கு நாள் மறுபடி வலி மாத்திரை போட்டதாக அவரே வந்து சொன்னார். சொன்னதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு கிரியேட்டினினை மறுபடி பார்த்தோம், இயல்பாக இருந்தது. அக்காவுக்கு எச்.பி.ஏ1சி 9.3-லிருந்து 7.8. விழித்திரையில் தொடக்க நிலை மாற்றம் இருப்பதாகக் கண் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும்.

மாற்றியவை

பரிசோதனைத் தட்டில் சோப்புக் குப்பியும் சொம்புத் தண்ணீரும் வந்துவிட்டன. கை கழுவவே வழியில்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பயன்படுத்தலாம். வெல்லம், பழம், பஞ்சாமிர்தம் என்று இனிப்பைத் தொட்ட கையாக இருந்தால் அதுவும் போதாது, கழுவியே ஆக வேண்டும். குத்துவதற்கு முன் ‘கடைசியாகக் கையால் என்ன தொட்டீர்கள்’ என்று கேட்பது தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறது.

சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு வரிகள் அச்சடிக்கிறோம்: இது சந்தேகம் மட்டுமே, நரம்பு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே முடிவு; அதுவரை யாருடைய மாத்திரையையும் சாப்பிட வேண்டாம். இரண்டாவது வரியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். சர்க்கரைக்குக் கை நீட்டுகிற எவருக்கும் அதே உட்காரலில் அழுத்தமும் பார்க்கப்படுகிறது.

இன்னும் கைகூடாதது மருந்துக் கடை. சீட்டில்லாமல் வலி மாத்திரை தர வேண்டாம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் பேசினோம், தலையசைத்தார். அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து பட்டறைகளில் வேலை சூடு பிடிக்கும். அதற்கு முன்பே எல்லாப் பட்டறைகளிலும் ஒரு சுற்று அழுத்தமும் கிரியேட்டினினும் பார்த்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம். நேரம் மாலை ஆறு மணி, அடுப்பு அணைந்து கை கழுவிய பிறகு.